எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தின் தெற்குக் கோடியில், நெல்லும் தென்னையும் கலந்த பகுதியில் இருக்கிறது எங்கள் பள்ளி. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். சுற்றியுள்ள சிற்றூர்களில் தொடக்கப் பள்ளியோ நடுநிலைப் பள்ளியோ முடித்தவர்கள் வந்து சேரும் இடம் இதுதான். மே மாதம் வந்துவிட்டால் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். நான் அங்கே படித்தவன். இப்போது என் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். அதனால் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். விதிகள் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான், வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவும். 2025-26 கல்வியாண்டின் நிலவரப்படி எழுதியிருக்கிறேன்.

பிள்ளையைச் சேர்க்க என்னென்ன கொண்டுவர வேண்டும்?

முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகம். முந்தைய பள்ளியில் தந்த எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் பிள்ளையின் பதிவு எண், தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். நுழைவுத் தேர்வு கிடையாது. தொடக்கப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் 6ஆம் வகுப்பிலும், நடுநிலைப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் 9ஆம் வகுப்பிலும் சேர்வார்கள். இடையில் எந்த வகுப்பிலும் சேரலாம்.

இதில் ஏதாவது ஒரு தாள் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். 8ஆம் வகுப்பு வரை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. வர நாளாகும் என்ற காரணங்களுக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. முதலில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும், தாள்கள் பின்னால் வரும்.

தனியார் பள்ளியில் கட்டணப் பாக்கி இருக்கிறது. டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

ஒவ்வொரு ஜூனிலும் இந்தக் கேள்வியோடு நாலு பேராவது வருவார்கள். அறுவடை சரியில்லாத வருஷம் என்றால் இன்னும் அதிகம். பாக்கியைச் சொல்லி டி.சி.யை நிறுத்திவைக்கக் கூடாது, அதில் பாக்கி விவரத்தை எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி பெற்றோருக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையிலான கணக்கு. அதைப் பிள்ளையின் தலையில் கட்ட முடியாது.

நேராக எங்கள் தலைமையாசிரியரிடம் வந்து நிலைமையைச் சொல்லுங்கள். டி.சி. இல்லாமலே சேர்த்துக்கொண்டு, எமிஸ் தளத்தில் பெயரை மாற்றக் கேட்பார்கள். அந்தப் பள்ளி அதையும் செய்யாமல் இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். வெட்கப்பட்டுக்கொண்டு ஜூலை, ஆகஸ்ட் வரை காத்திருக்கும் பெற்றோரைப் பார்த்தால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்த இரண்டு மாதப் பாடம் போனது போனதுதான்.

தமிழ் வழியில் சேர்ப்பதா, ஆங்கில வழியில் சேர்ப்பதா?

எங்கள் பள்ளியில் இரண்டும் உண்டு. இதை அவசரமாக முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் பின்விளைவு பத்து வருஷம் கழித்து வரும்.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20% முன்னுரிமை இருக்கிறது. 2010இல் வந்த சட்டம் அது. 2020இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் இப்போது போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். 5ஆம் வகுப்பு வரை தமிழ் வழியில் வந்த பிள்ளையை 6ஆம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. டி.என்.பி.எஸ்.சி. எழுதும் வயதில் இது தெரியவந்து வருத்தப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்லூரியில் போய் இயற்பியலும் கணிதமும் ஆங்கிலத்தில் வரும்போது தமிழ் வழிப் பிள்ளைகள் முதல் வருஷம் திணறுகிறார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திணறலுக்கு மருந்து, புரியாத மொழியில் ஏழு வருஷம் மனப்பாடம் செய்ய வைப்பது அல்ல. 11, 12இல் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரண்டு மொழியிலும் எழுதிவைக்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் போதும், சில மாதங்களில் சமாளித்துவிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் கரும்பலகையின் ஒரு ஓரத்தில் கோடு போட்டு, அன்றைய பாடத்தின் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொள்வார்கள்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குத் தமிழ் வழிதான் நல்லது. படிப்பதைப் புரிந்து படிக்கிற பழக்கம் முதலில் வரட்டும். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5% இடஒதுக்கீட்டுக்கும், அவர்களுக்கு வரும் மாத உதவித்தொகைக்கும் எந்த வழி என்ற நிபந்தனை இல்லை. அது போய்விடுமோ என்ற பயத்தில் முடிவெடுக்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் படித்தால் கிடைக்கும் சலுகைகள் எவை? எந்த வகுப்பிலிருந்து படித்திருக்க வேண்டும்?

6 முதல் 12 வரை. இந்த ஒரு வரியை வீட்டில் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% இடம் என்ற சட்டம் 2020இல் வந்தது. நீட் எழுதித் தகுதி பெற வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளேதான் நடக்கும். 2021இல் இதையே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை பொறியியல் கல்லூரியில் சேர்வதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் மாதம் 1,000 ரூபாய். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த உதவித்தொகை உண்டு. ஆனால் 7.5% அவர்களுக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறைய.

10ஆம் வகுப்பில் 450க்கு மேல் வாங்கிய பிள்ளையை, 'நல்ல கோச்சிங்' என்று சொல்லி வெளி மாவட்டத் தனியார் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. நகையை அடகு வைத்துச் செய்கிறார்கள். அந்த இரண்டு வருஷம் வெளியே போனால் 7.5% முழுதாகக் கையைவிட்டுப் போகிறது, மாத உதவித்தொகையும் போகிறது. பணத்தையும் கொடுத்து, இருந்த உரிமையையும் கொடுத்துவிட்டு வருகிறோம். முடிவெடுக்கும் முன் ஒருமுறை பள்ளிக்கு வந்து கேளுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 25% இடத்தில் சேர்ந்து 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியானவர்களே.

சாப்பாடு எந்த வகுப்பு வரை?

மதிய உணவு 10ஆம் வகுப்பு வரை. காலை உணவு 1 முதல் 5 வரை மட்டும்தான். ஆகவே 6ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு நின்றுவிடுகிறது. பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை. போன வருஷம் வரை பள்ளியில் சாப்பிட்ட பழக்கத்தில் வெறும் வயிற்றோடு வந்து, காலை இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறோம். ஜூன் முதல் வாரத்திலேயே வீட்டில் இதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார், 1984இல் 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் வரை கொண்டுவந்தார். அதற்கு மேல் 11, 12க்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் மாலைச் சிறப்பு வகுப்பு நடப்பது பெரும்பாலும் பொதுத்தேர்வு எழுதும் 10க்கும் 12க்கும்தான். மாலை 6 மணி வரை உட்காரும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் முன்னாள் மாணவர்கள் முறைவைத்துச் சுண்டல் தருகிறார்கள். ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் பச்சைப்பயறு. சத்துணவுக்கூடத்துப் பாத்திரத்திலேயே அவித்து, தாளித்து, தேங்காய் போட்டுக் கொடுக்கிறோம். தேங்காய்க்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சுண்டல் தொடங்கிய பிறகு மாலை வகுப்பில் நழுவுகிறவர்கள் குறைந்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன? அதில் எங்களைப் போன்றவர்கள் பேச முடியுமா?

உங்களைப் போன்றவர்கள் பேசுவதற்காகவே வைத்த குழு அது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தலைவராக இருப்பதும் ஒரு பெற்றோர்தான். தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருப்பார்கள். 2024இல் குழுக்களைத் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. சட்டம் 8ஆம் வகுப்பு வரைதான் பேசுகிறது என்றாலும், தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளிகளிலும் இந்தக் குழு இருக்கிறது.

முதல் கூட்டங்களில் அம்மாக்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நூறு நாள் வேலை முடித்து நேராக வந்த ஓர் அக்கா எழுந்து, “சார், பொம்பளப் புள்ளைங்க கக்கூஸுல ரெண்டு கதவுக்குத் தாப்பாள் இல்ல. என் மவ காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருந்துட்டு வீட்டுக்கு வருது” என்றார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வகுப்பறைக்கு வண்ணம் அடிப்பது பற்றி அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். தீர்மான நோட்டில் முதல் வரியாகத் தாழ்ப்பாள் ஏறியது. திங்கட்கிழமை ஊர்த் தச்சர் வந்து மாட்டிவிட்டுப் போனார், கூலி வாங்கவில்லை.

ஆகவே கூட்டத்துக்கு வாருங்கள். சொன்னதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதாத பேச்சு அடுத்த கூட்டத்துக்குள் காணாமல் போய்விடும். குழுவில் உறுப்பினராக இல்லாத பெற்றோரும் தங்கள் குறையை உறுப்பினர் மூலம் கொண்டுவரலாம்.

கணக்குக்கு ஆசிரியரே இல்லை என்கிறார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் எப்படிச் சேர்ப்பது?

நியாயமான கோபம். ஆனால் ஆசிரியர் எப்படி வருகிறார், எப்படிப் போகிறார் என்பது தெரிந்தால் எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பள்ளியில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடம் ‘உபரி’ ஆகி வேறு பள்ளிக்குப் போய்விடும். ஆசிரியர் இல்லை என்று நாலு வீடு பிள்ளையை வெளியே அனுப்பும், அந்த நாலு பேர் குறைந்ததால் இருக்கிற ஆசிரியரும் போவார், அதைப் பார்த்து இன்னும் பத்து வீடு அனுப்பும். பல ஊர்களில் பள்ளி இப்படித்தான் மெலிந்தது. கட்டடம் நன்றாகவே இருக்கும், உள்ளே பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

இடமாறுதல் கலந்தாய்வு முடிந்து காலியிடம் விழுந்தால், நிரந்தர ஆசிரியர் வரும்வரை தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியரை அமர்த்தப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அரசு அனுமதி கொடுப்பதுண்டு. உள்ளூரிலேயே எம்.எஸ்சி., பி.எட். முடித்த பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியது ஊரின் வேலை. ஜூனில் காலியிடம் தெரிந்ததும் குழுவில் தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அரையாண்டுத் தேர்வு வந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

இன்னொன்று. ஆசிரியர் இருந்தும் பாடம் நடக்காத வகுப்புகள் உண்டு. பல நாள் அதற்குக் காரணம் ஆசிரியரை எமிஸ் பதிவேற்றம், கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று இழுப்பதுதான். ஆசிரியரைத் திட்டும் முன் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

10ஆம் வகுப்பில் தேறாவிட்டால்?

ஒவ்வொரு பாடத்திலும் 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. தவறிய பாடத்தை மட்டும் ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத் தேர்வில் எழுதித் தேறி, அதே ஆண்டே 11ஆம் வகுப்பில் சேரலாம். வருஷம் வீணாகாது.

ஆபத்து முடிவு வருவதற்கும் துணைத் தேர்வுக்கும் இடையில் வரும் சில வாரங்களில்தான் இருக்கிறது. அந்த வாரங்களில் திருப்பூருக்கு பஸ் ஏறும் பையன்கள் திரும்பிப் பள்ளிக்கு வருவதில்லை. பனியன் கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கிய கையில் கணக்குப் புத்தகம் நிற்காது. எங்கள் ஊரில் முடிவு வந்த அன்று சாயங்காலமே வகுப்பாசிரியரும் குழு உறுப்பினர் ஒருவரும் தேறாத பிள்ளைகளின் வீட்டுக்கு நேரில் போகிறோம். ஆறுதல் சொல்லிவிட்டு, துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளைச் சொல்லி, மறுநாளிலிருந்து காலை வகுப்புக்கு வரச் சொல்வோம். அப்பா அம்மா அடிக்காமல் இருந்தால் பாதிப் பேர் வந்துவிடுகிறார்கள். பிள்ளை முகம் வாடி ஒதுங்கி இருந்தால் 14417க்கோ, மருத்துவ உதவி எண்ணான 104க்கோ போன் செய்யுங்கள், பேசிப் புரியவைக்க ஆள் இருக்கிறார்கள்.

11இல் எந்தக் குரூப் எடுக்கலாம்?

பிள்ளையைக் கேளுங்கள். அத்தை மகன் எடுத்தான் என்று உயிரியல் எடுக்காதீர்கள். கணக்கில் விருப்பம் இல்லாதவர்களுக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல் நல்ல வழி. தொழிற்கல்விப் பிரிவைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. 11ஆம் வகுப்புக்கு 2017-18இல் வந்த பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது. அதை நம்பி 11ஆம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டால், நீட், ஜே.இ.இ. இரண்டிலும் அந்தப் பாடத்திலிருந்து கேள்வி வரும்போது மாட்டிக்கொள்வார்கள்.

பெண் பிள்ளையைத் தூரத்து ஊரிலிருந்து அனுப்பலாமா?

அனுப்புங்கள். அரசு பஸ்ஸில் இலவசப் பயண அட்டை உண்டு, 11ஆம் வகுப்பில் மிதிவண்டி தருகிறார்கள். ஆனால் எங்கள் பகுதியில் பஸ் வரும் நேரம்தான் படிப்பை முடிவு செய்கிறது. முன்பு பள்ளி 4:10க்கு விட்டால், கடைசிச் சிற்றூருக்குப் போகும் பஸ் 4 மணிக்கே கிளம்பிவிடும். அடுத்தது 6:30க்கு. இருட்டிய பிறகு வயல்வரப்பில் இறங்கி நடக்கும் பெண்ணை எந்த வீடும் பத்தாவதுக்கு மேல் படிக்க அனுப்பாது. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு, எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்ற பட்டியலையும் எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனோம். சில தடவை அலைந்த பிறகு பஸ் நேரம் அரை மணி தள்ளிப்போனது. உங்கள் ஊரிலும் பெயர்ப் பட்டியலோடு போய்க் கேளுங்கள். வெறும் மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

18 வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு எடுத்தால், பிள்ளையோ தோழியோ ஆசிரியரோ யார் வேண்டுமானாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லலாம். சொன்னவர் பெயரை வெளியே விட மாட்டார்கள்.

பள்ளியில் அடித்தாலோ, வேறு தொல்லை என்றாலோ?

அடிப்பதும், மனம் புண்படப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. பாலியல் தொல்லை என்றால் அது போக்சோ சட்டத்தில் வரும். அதில் பேச்சுவார்த்தை, சமாதானம் என்று ஊர்ப் பெரியவர்கள் நுழையவே கூடாது. 1098க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளையைக் காப்பாற்றாத பள்ளிக்கு என்ன பெயர் வேண்டியிருக்கிறது?

நன்றாகப் படிக்கிற பிள்ளையை மாதிரிப் பள்ளிக்கு அனுப்பலாமா?

மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் அரசு மாதிரிப் பள்ளிகளில் தங்கிப் படிக்கலாம், செலவில்லை. அதுவும் அரசுப் பள்ளிதான் என்பதால் 7.5% உரிமையும் போகாது. ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அனுப்புங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

ஆனால் ஊர்ப் பள்ளிக்கு இதனால் ஓர் இழப்பு உண்டு. வகுப்பில் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிற பிள்ளைதான் முதலில் கிளம்புகிறது. அந்த இடத்தை நிரப்ப ஊர்ப் பள்ளிக்கும் கூடுதல் ஆசிரியரும் நல்ல ஆய்வகமும் வேண்டும் என்பதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களுக்கு அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையே இல்லை. நாங்கள் ஏன் அக்கறைப்பட வேண்டும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியில் ஓட்டு வீடும் கூரை வீடும் நிற்கவில்லை, தென்னை மொத்தமாகச் சாய்ந்தது. அன்று ஊர் போய் ஒதுங்கியது பள்ளிக் கட்டடத்தில்தான். 9ஆம் வகுப்பு அறையில் மூன்று தெரு ஆட்கள் ஒன்றாகப் படுத்தார்கள். சாதாரண நாளில் ஒரே திண்ணையில் உட்காராதவர்கள் ஒரே சத்துணவு அடுப்பில் வெந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். கரண்ட் வர வாரக்கணக்கானது. அதுவரை பள்ளி மைதானத்தில் ஓடிய ஜெனரேட்டரில்தான் ஊரே போன் சார்ஜ் போட்டது.

ஓட்டுப் போடுவதும் அங்கேதான். மருத்துவ முகாம், காலையில் நடைப்பயிற்சி, சாயங்காலம் கைப்பந்து எல்லாம் அந்த மைதானத்தில். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் ஊரில் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள். கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் கூட இன்னும் தனித்தனி வழி வைத்திருக்கும் ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

1950களின் கடைசியில், காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள். மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். இன்று பல அரசுப் பள்ளிகள் நிற்கும் மனை அப்படி ஊரார் எழுதிக்கொடுத்தது. தாத்தா கொடுத்த இடத்தில் நிற்கும் பள்ளியை 'கவர்மெண்ட் ஸ்கூல்தானே' என்று பேரன் ஒதுக்கினால் எப்படி?

முன்னாள் மாணவர்கள் பணம் கொடுக்கலாமா? எதற்குக் கொடுப்பது?

கொடுக்கலாம். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. அதன் இணையதளத்தில் உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, இன்ன வேலைக்கு என்று குறிப்பிட்டே அனுப்பலாம், ரசீது வரும். பொருளாகத் தருவதானால் தலைமையாசிரியரைக் கேட்டு, பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

எதற்கு என்றால், நுழைவுவாயில் வளைவு வேண்டாம். பெயர் பொறித்த கல்வெட்டும் வேண்டாம். எங்கள் பள்ளியிலும் மற்ற பள்ளிகளிலும் நான் பார்த்தவரை எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவரின் சம்பளம். கட்டடம் கட்டப் பணம் வருகிறது, தினமும் கழுவ ஆளுக்குப் பணம் வருவதில்லை. வந்தாலும் மிகக் குறைவு, அதுவும் தாமதம். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரு துப்புரவுப் பணியாளருக்குக் கௌரவமான கூலி கொடுத்தால், அதைவிடப் பெரிய கொடை இல்லை. அடுத்தபடியாக மோட்டாரும் குடிநீர்த் தொட்டியும், அப்புறம் நூலகத்துக்குப் பூட்டாத அலமாரி.

பணம் இல்லாதவர்கள் நேரம் கொடுங்கள். 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு இருக்கிறது. தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும், குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 11ஆம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. தேறினால் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 1,500 ரூபாய், அதில் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கே. இந்தத் தேர்வுகளுக்குச் சனிக்கிழமை காலையில் பயிற்சி தர யாராவது முன்வந்தால் போதும், பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் தப்பாக இருக்கிறது. எப்போது திருத்துவது?

10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால். அதற்குப் பிறகு அலைச்சல் பல மடங்கு. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது பள்ளியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்து அனுப்புவார்கள். அதில் பிள்ளையின் பெயர், முன்னெழுத்து, அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. படிக்கத் தெரியாத பெற்றோர் படிவத்தில் கைநாட்டு வைத்து அனுப்பிவிடாமல் பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள். மேலாண்மைக் குழுவிலிருந்து ஒருவர் அந்த வாரம் முழுக்க அங்கே இருந்து வாசித்துக் காட்டுவோம்.